நிறுத்தி வைத்த இறக்கையின் நடுக்கம்

செயலை விட்டவுடன் ஒருவன் அமைதி அடைந்துவிடுகிறானா, அல்லது செயல் நின்ற இடத்தில் வேறொரு கலக்கம் தொடங்குகிறதா என்னும் கேள்வி இந்திய மெய்யியலின் பல பிரிவுகளையும் ஏதேனும் ஒரு கட்டத்தில் தொட்டிருக்கிறது. ஆன்மாவுக்கு இயல்பில் செயலே இல்லை என்று கொண்ட சாங்கியத்துக்கும், செய்பவன் என்னும் எண்ணமே அறியாமையின் விளைவு என்று கொண்ட அத்வைதத்துக்கும் இக்கேள்வியின் கூர்மை சற்றுக் குறைவு. ஏனெனில் அவற்றின்படி அசைவெல்லாம் வேறெதற்கோ உரியது, ஆன்மா என்றும் நின்றபடியே நிற்பது. ஆன்மா உண்மையிலேயே செய்பவன் என்றும், ஆயினும் அந்தச் செய்யும் ஆற்றல் இறைவனைச் சார்ந்தது என்றும் நிறுவிய இராமானுசருக்கோ இக்கேள்வியிலிருந்து ஒதுங்க வழியில்லை. உண்மையான கர்த்தா ஒருவன் செயலை நிறுத்தினால் அவனுக்குள் நிகழ்வது என்ன என்பதை இராமானுசர் தங்கி வாழ்ந்த மேல்கோட்டையின் மரபை முன்வைத்து ஆராயும்போது, இக்காலப் பொறியியலிலுள்ள ஒரு நிகழ்வு எதிர்பாராத துணையாக வந்து சேர்கிறது. ஓடாமல் நிறுத்தி வைக்கப்பட்ட காற்றாலைகளின் இறக்கைகளில் தோன்றும் அதிர்வும், அதைத் தணிக்க மேற்கொள்ளப்படும் முயற்சிகளுமே அது.

மைசூருக்கு வடக்கே, இன்றைய மாண்டியா மாவட்டத்தில், யதுகிரி என்னும் பாறைக் குன்றை ஒட்டி அமைந்த மேல்கோட்டையைத் தமிழ் வைணவர் திருநாராயணபுரம் என்று வழங்குவர். சோழ நாட்டில் நேர்ந்த இடரை முன்னிட்டு வெள்ளாடை உடுத்து வெளியேறிய இராமானுசர், போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் காலத்தில் இப்பகுதியில் ஏறத்தாழ 12 ஆண்டுகள் வாழ்ந்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. 14-ஆம் நூற்றாண்டில் திருவரங்கம் படையெடுப்புக்கு ஆளானபோது வேதாந்த தேசிகரும் சத்தியாகாலத்திலும் இவ்வூரிலும் அடைக்கலம் கொண்டிருந்தார் என்பது மரபு. புயலுக்கு ஒதுங்கியவர்களின் வரலாறு இவ்வளவு படிந்த ஊர்கள் வைணவத்தில் மிகச் சிலவே.

குன்றின் உச்சியில் அமர்ந்திருக்கும் தெய்வம் யோக நரசிம்மர். யோகத்தில் அமர்ந்த நரசிம்மரின் திருவுருவ இலக்கணத்தில் மடக்கி நிறுத்திய இரு முழங்கால்களையும் உடலோடு சேர்த்துச் சுற்றிய பட்டை ஒன்று உண்டு. அதற்கு யோகபட்டம் என்று பெயர். நெடுநேரம் அமர்ந்திருக்கும் யோகியின் கால்கள் தாமாக விரிந்து நிலை கலையாமல் இருக்க அது தாங்குகிறது. அசைவற்ற இருப்புக்கும் ஒரு தாங்கல் வேண்டும் என்பதைச் சிற்ப மரபு எவ்வித விளக்கவுரையும் இல்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறது. தத்துவ நூல்கள்தாம் அதை ஒப்புக்கொள்ளப் பல பக்கங்களை எடுத்துக்கொண்டன.

காற்றாலைகளைக் காண யதுகிரியிலிருந்து வெகுதூரம் தெற்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் முப்பந்தலுக்கும் வரவேண்டும். இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986-இல் தூத்துக்குடியிலும், குஜராத்தின் ஓகாவிலும், மகாராட்டிரத்தின் ரத்தினகிரியிலும் தொடங்கப்பட்டன; அன்றைய ஆலை ஒன்றின் திறன் 55 கிலோவாட். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் மட்டும் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. இறக்கை ஒன்றின் நீளம் 60 மீட்டருக்கும் மேலாக வளர்ந்துவிட்டது. இவை எந்நேரமும் ஓடுவதில்லை. காற்று விநாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் என்ற அளவைத் தாண்டினால் பெரும்பாலான ஆலைகள் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளும். பழுது பார்க்கையில் நிறுத்தப்படும். கோபுரம் எழுப்பி இறக்கை பூட்டிய பின்னும் மின் இணைப்பு வரும்வரை வாரக்கணக்கில் நின்றிருக்கும். ஆடிக் காற்று கொழிக்கும் மாதங்களில், உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதையும் மின்கட்டமைப்பு ஏற்க இயலாத வேளைகளில், நல்ல காற்றிலேயே ஆலையை நிறுத்தச் சொல்லும் ஆணையும் வரும்.

நின்றுவிட்ட ஆலைக்கு ஆபத்தில்லை என்று தோன்றுவது இயல்பு. உண்மை அதற்கு மாறானது. ஓடும் இறக்கையின் நுனி விநாடிக்கு 70, 80 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துச் செல்கிறது. அந்நிலையில் இறக்கை எக்காரணத்தாலோ காற்றின் வருகைக்கு எதிராக முன்னோக்கி வளைந்தால், அதன்மேல் மோதும் காற்றின் கோணம் கூடி, அழுத்தமும் கூடி, இறக்கை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. பின்னோக்கி வளைந்தால் அழுத்தம் குறைந்து அது முன்னுக்குத் திரும்புகிறது. அசைவை அதன் எதிர்த்திசையில் இழுத்து ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும் இந்தச் செயலுக்குக் காற்றியல் தணிப்பு என்று பெயர். அதன் அளவு இறக்கை காற்றைச் சந்திக்கும் வேகத்தைப் பொறுத்தது. சுழற்சி நின்றதும் அந்த வேகத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது, அதனோடு தணிப்பும் போய்விடுகிறது. இறக்கை செய்யப்பட்ட கண்ணாடியிழைக் கலவைக்கு இயல்பாக உள்ள தணிப்போ மிகச் சொற்பம். தட்டினால் நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கக்கூடிய பொருள் அது. இறக்கையின் தட்டையான முகத்துக்குச் செங்குத்தாக நிகழும் அசைவுக்கே இவ்விளக்கம் முழுதும் பொருந்தும் என்பதையும், அகலவாட்டில் விளிம்பு நோக்கி நிகழும் அசைவுக்கு ஓடும்போதும் தணிப்பு குறைவுதான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

தணிப்பு குறைவதோடு நிலைமை முடிவதில்லை. நிற்கும் இறக்கையின்மேல் காற்று பக்கவாட்டிலிருந்து அகன்ற கோணத்தில் வந்தால், அது மேற்பரப்பை ஒட்டி ஓடாமல் பிரிந்து போகிறது. அப்போது கோணம் கூடக் கூடத் தூக்குவிசை கூடுவதற்குப் பதிலாகக் குறையத் தொடங்குவதால், இறக்கையின் அசைவை எதிர்க்க வேண்டிய காற்று அந்த அசைவோடு சேர்ந்துகொண்டு அதை வளர்க்கிறது. தணிப்பு எதிர்மறையாகிறது என்று பொறியாளர் சொல்வது இதைத்தான். இன்னொரு வழியும் உண்டு. அகலப் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி நிற்கும் எந்தப் பொருளின் பின்னாலும் சுழிகள் இருபுறமும் மாறி மாறிக் கழன்று செல்லும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோடர் வான் கார்மான் ஆராய்ந்த இச்சுழி வரிசை, கழலும் ஒவ்வொரு முறையும் பொருளை ஒரு பக்கமாகச் சிறிது இழுக்கிறது. 3 மீட்டர் அகலமுள்ள தட்டையான பரப்பின்மேல் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால், சுழிகள் விநாடிக்கு ஏறத்தாழ 0.75 முறை கழலும். நீண்ட இறக்கைகளின் இயற்கையான அதிர்வெண்ணும் அதே அளவை ஒட்டியது. இரண்டும் நெருங்கும்போது இறக்கையின் அசைவே சுழிகளைத் தன் தாளத்துக்குப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. காற்றின் வேகம் சற்று மாறினாலும் அந்தப் பிடி விடுவதில்லை.

இதைத் தணிக்கப் பொறியியல் கண்ட வழிகள் பல. நுனிப்பகுதியில் வலை போன்ற உறையைப் போர்த்தியோ, முள்வரிசை போன்ற பட்டைகளைச் சுற்றியோ சுழிகள் இறக்கையின் நீளம் முழுவதும் ஒரே நேரத்தில் கழலாதபடி குலைக்கலாம்; இறக்கைக்குள் பாரமோ திரவமோ எதிர்த்தாளத்தில் ஆடும்படி அமைத்து அதிர்வின் ஆற்றலை அதன்மேல் ஏற்றிவிடலாம்; நுனியிலிருந்து கயிறு கட்டித் தரையோடு பிணைக்கலாம். இவற்றிலெல்லாம் முதன்மையானது இறக்கையைத் தன் அச்சில் ஏறத்தாழ 90 பாகை திருப்பி, அதன் கூரிய விளிம்பு காற்றை நோக்குமாறு வைப்பது. பிரேக்கை இறுக்கிப் பூட்டிவிடுவதைவிட, இப்படித் திருப்பிய இறக்கைகளைக் காற்றின் போக்கில் மெல்லச் சுழல விடுவதே பெரும்பாலும் விரும்பப்படுகிறது. இறுகப் பூட்டிய அச்சின் தாங்குருளைகளில் நுண்ணிய அதிர்வு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உரசி, கிரீஸைப் பிதுக்கித் தள்ளி, உலோகத்தில் பள்ளம் விழச் செய்கிறது. அசையாமல் வைத்ததாலேயே தேயும் பொருள் அது.

இந்த இயந்திர உண்மைக்கும் மேல்கோட்டை மரபுக்கும் உள்ள தொடர்பு கீதையின் மூன்றாம் அத்தியாயத்துக்கு இராமானுசர் எழுதிய உரையில் தொடங்குகிறது. அங்கே அவர் முன்னிருக்கும் கேள்வி, ஆன்மாவை அறிய விரும்புபவன் புலன்களின் தொழிலை நிறுத்தி அமரும் ஞான யோகத்தை மேற்கொள்வதா, தனக்குரிய செயலைப் பலன் கருதாமல் செய்யும் கரும யோகத்தை மேற்கொள்வதா என்பது. ஞானமே உயர்ந்தது, செயல் அதற்கு ஏணி, ஏறியபின் ஏணி தேவையில்லை என்ற கருத்து அவர் காலத்தில் வலுவாக நிலைபெற்றிருந்தது. இராமானுசர் ஞான யோகத்தை மறுக்கவில்லை. ஆனால் அதைவிடக் கரும யோகமே சிறந்தது என்று துணிகிறார். உடலோடு கூடியவனுக்குச் செயல் பழகிப்போன ஒன்று, ஆகவே எளியது. அதில் வழுவி விழும் அச்சம் இல்லை. ஆன்மாவைப் பற்றிய அறிவும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பவை அவர் காட்டும் காரணங்கள். எண்ணற்ற பிறவிகளின் பழக்கம் புலன்களைப் பொருள்களை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க, கைகால்களை மட்டும் கட்டி அமர்ந்தவனின் மனம் விட்ட பொருள்களையே சுற்றி வரும். ஒன்றை எண்ணி வேறொன்றைச் செய்பவனாக அவன் ஆகிவிடுகிறான் என்பது அவ்வுரையின் துணிபு.

இவ்விடத்தில் ‘வழுவுதல்’ என்பதை ஒழுக்கக் குறைவு என்று மட்டும் வாசிப்பது வழக்கம். இராமானுசரின் வாதம் அதைவிட நுட்பமானது. செயலில் ஈடுபட்டிருப்பவனின் பழைய பழக்கங்கள் அழிந்துவிடவில்லை, அவை தள்ளுகின்றன. ஆனால் விதித்த செயலின் ஒழுங்கு ஒவ்வொரு தள்ளலுக்கும் எதிரே நின்று அதன் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. செயலை நிறுத்தியவனிடம் தள்ளும் விசை அப்படியே இருக்கிறது, வாங்கிக்கொள்ளும் எதிர்விசை மட்டும் போய்விட்டது. ஓடும் இறக்கையைவிட நிற்கும் இறக்கை மெல்லிய காற்றிலும் நடுங்குவதற்குக் காரணமும் இந்த அமைப்பேதான். ஓட்டத்தின் பயன் மின்சாரம் மட்டுமன்று, ஓடுவதாலேயே கிடைக்கும் தணிப்பும் அதன் பயன் என்று காற்றியல் சொல்வதும், கருமத்தின் பயன் அதன் பலனில் இல்லை, செய்வதாலேயே கிடைக்கும் மனத் தெளிவில் இருக்கிறது என்று கீதையுரை சொல்வதும் ஒன்றையொன்று விளக்கும் அளவுக்கு நெருங்கியவை.

சங்கரரின் உரையும் இங்கே கருதத்தக்கது. நான்காம் அத்தியாயத்தில் செயலின்மையில் செயலைக் காண்பவனைப் பற்றி வரும் இடத்தில், ஓடும் படகில் இருப்பவனுக்குக் கரையின் மரங்கள் ஓடுவதாகத் தோன்றுவதையும், தொலைவில் நகரும் பொருள் நிற்பதாகத் தோன்றுவதையும் அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். ‘ஒன்றும் செய்யாமல் சுகமாக இருக்கிறேன்’ என்று எண்ணி அமர்வதும் உடல்மனங்களின் ஒரு தொழிலே என்பது அவர் கருத்து. இராமானுசரோ அதே இடத்தில் ‘அகர்மம்’ என்பதற்கு ஆன்ம ஞானம் என்று பொருள்கொண்டு, செயலுக்குள் அறிவையும் அறிவுக்குள் செயலையும் காண்பதே கருத்து என்கிறார். ஓய்வு என்று தோன்றுவது ஓய்வன்று என்பதில் இருவரும் உடன்படுகின்றனர். அந்த நடுக்கத்தை ஆன்மாவுக்கு வெளியே தள்ளிவிடச் சங்கரருக்கு வழியுண்டு. இராமானுசருக்கு அது ஆன்மாவின் சொந்தச் சிக்கல்.

ஆயினும் ஓட முடியாத காலம் எல்லோருக்கும் வரும். கரும யோகத்துக்கும் ஞான யோகத்துக்கும் பக்தி யோகத்துக்கும் திறனற்றவன் இறைவனையே உபாயமாகப் பற்றும் சரணாகதியைப் பிற்கால ஆசாரியர்கள் இந்தக் காலத்துக்கே உரியதாக விரித்தனர். இங்கே தென்கலை மரபின் பிள்ளை லோகாசாரியர் முன்வைக்கும் கருத்து ‘விலக்காமை’ என்னும் பெயரால் அறியப்படுகிறது. இறைவனின் அருள் தானாகவே ஆன்மாவை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. ஆன்மா செய்யவேண்டிய முயற்சி என்று ஒன்றில்லை, வருவதை விலக்காமல் இருந்தால் போதும். அந்த விலக்காமையையும் ஓர் உபாயமாக எண்ணிவிடக் கூடாது என்பது அதன் சாரம். வடகலை மரபின் வேதாந்த தேசிகரோ, எல்லோர்க்கும் பொதுவான அருள் ஒருவனுக்குப் பலித்து இன்னொருவனுக்குப் பலிக்காமல் போவதற்கு ஏதேனும் காரணம் வேண்டும் என்றும், இல்லையேல் இறைவனுக்குப் பாரபட்சம் என்னும் குற்றம் வரும் என்றும் வாதிட்டு, ஆன்மாவின் பக்கத்தில் ‘வியாஜம்’ என்னும் ஒரு சிறு நிமித்தத்தை வேண்டுகிறார். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி, தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டி என்ற புகழ்பெற்ற உவமைகளால் இவ்விவாதம் எளிமைப்படுத்தப்பட்டுவிட்டது. அவ்வெளிமையால் இருவருக்கும் நட்டமே.

காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி நிற்கும் இறக்கை விலக்காமைக்கு நல்ல உருவகமாகத் தோன்றலாம். எதிர்ப்பும் இல்லை, பயன்கொள்ளும் முயற்சியும் இல்லை. ஆனால் காற்று ஒரே திசையில் வீசுவதில்லை. இன்று விளிம்பாக இருக்கும் பக்கம் நாளை காற்றுக்கு அகலப் பக்கமாகிவிடும். ஆகவே நிறுத்தப்பட்ட ஆலையும் தன் முகப்பைக் காற்றின் திசைக்குத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கென உள்ள மோட்டார்களுக்கு மின்சாரம் வேண்டும். உற்பத்தி செய்யாத ஆலை வெளியிலிருந்து மின்சாரம் வாங்கித்தான் விலக்காமல் நிற்கிறது. பெரும்புயலில் மின்கம்பிகள் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2003 செப்டம்பரில் ஜப்பானின் மியாகோ தீவு சான்றாயிற்று. மேமி புயலில் மின்சாரம் அற்று, முகப்பைத் திருப்ப வழியின்றி நின்ற ஆலைகளில் சில அடியோடு சாய்ந்தன. காற்றாலை வடிவமைப்புக்கான பன்னாட்டுத் தரநிலையான 61400-1, 50 ஆண்டுகளில் ஒருமுறை வரக்கூடிய கடுங்காற்றில், மின்சாரம் போய், திருப்பும் பொறியும் செயலிழந்து, எத்திசையிலிருந்தும் காற்று தாக்கும் நிலையைத் தனியே கணக்கிட்டுப் பார்க்கச் சொல்கிறது. மாற்று மின்கலங்களால் திருப்பும் பொறி தொடர்ந்து இயங்கும் என்று உறுதிசெய்தவர்களுக்கு மட்டுமே இதில் சலுகை.

விலக்காமல் இருப்பதற்கும் ஓர் ஆற்றல் செலவாகிறது என்பதை இவ்வாறு ஒப்புக்கொண்டால் தேசிகரின் பக்கம் வழக்குத் தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்தச் சிறு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழுந்தவுடன் பிள்ளை லோகாசாரியரின் பக்கம் மீண்டும் எடை கூடுகிறது. இராமானுசர் பிரம்ம சூத்திர உரையில், ஆன்மாவின் செய்யும் தன்மை பரம்பொருளிடமிருந்தே வருகிறது என்று கூறும் பகுதியில், இருவருக்குப் பொதுவான செல்வத்தை ஒருவன் மூன்றாமவனுக்குத் தரவேண்டுமானால் மற்றவனின் அனுமதி வேண்டும் என்னும் உவமையைத் தருகிறார். ஆன்மா முதலில் முயல்கிறது. அம்முயற்சியைக் கண்டு, உள்ளிருந்து நடத்தும் இறைவனாகிய அந்தர்யாமி அனுமதி அளித்து அதைச் செயலாக்குகிறான். முதல் முயற்சி யாருடையது என்பதில்தான் பின்வந்த இரு மரபுகளும் பிரிகின்றன; இராமானுசரின் உரை இரண்டுக்கும் இடம் தந்துவைத்திருக்கிறது. தென்கலை மரபு இவ்விடைவெளியை ஆசார்ய அபிமானத்தால், அதாவது ஆசாரியன் சீடனைத் தன்னுடையவன் என்று ஏற்கும் பரிவால் நிரப்புகிறது: தானே திரும்ப இயலாதவனுக்கு, வேறொருவரிடமுள்ள ஆற்றல் துணையாகிறது. தன் காற்றிலிருந்து ஒரு வாட்டும் எடுக்க முடியாமல் நிற்கும் ஆலை, எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் மற்ற ஆலைகள் கட்டமைப்புக்குத் தந்த மின்சாரத்தால் முகம் திருப்புவது அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

ஒப்புமையின் எல்லையையும் குறித்துவிட வேண்டும். காற்றுக்குக் கருணை கிடையாது. இறக்கைக்கு விலக்கும் விருப்பமும் கிடையாது. வைணவத்தில் ஆன்மாவை நோக்கி வருவது யாரையும் சாய்க்க வருவதன்று. காற்றை இறையருளுக்கு நேராக வைத்தால் கொள்கை சிதையும்; ஊழையும் பழக்கத்தையும் காற்றாக வைத்தால் ஓரளவு நிற்கும். முதல் ஒப்பீடு பேச்சுமேடைகளுக்கு இனிமையாக இருக்கக்கூடும், ஆனால் தவறானது.

இன்னுமொரு விவாதம் எஞ்சுகிறது. இறைவனை நாடாமல் தன் ஆன்மாவின் தூய இருப்பை மட்டுமே நாடி அதில் நிலைத்துவிடும் ஒருவனின் பேறு கைவல்யம் எனப்படும். வைணவம் இதைத் தாழ்வாகவே எண்ணுகிறது. அதன் வீடுபேறு கைங்கரியம், அதாவது ஓயாத தொண்டு. மேல்கோட்டையில் ஒதுங்கியிருந்த 12 ஆண்டுகளில் இராமானுசர் கோயிலை எழுப்பி, திருவாராதன முறைகளை வகுத்து, திருக்குலத்தார் என்று பெயரிட்டுத் தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில் நுழைவை அளித்ததாக மரபு சொல்வதும் இந்தக் கொள்கைக்கு இயைந்ததே. ஆனால் கைவல்யம் அடைந்தவன் அந்த அசைவற்ற நிலையில் என்றென்றும் இருக்க முடியுமா என்பதில் இரு கலைகளும் வேறுபடுகின்றன: அது மீளாத நிலை என்று தென்கலையாரும், அது நித்தியமன்று என்று வடகலையாரும் கொள்வர். விலக்காமையைப் பொறுத்தவரை இருவருக்கும் பாதிப் பாதியாகச் சாட்சி சொன்ன இயந்திரம், இங்கே தயக்கமின்றித் தேசிகரின் பக்கம் சேர்கிறது. மின் இணைப்பு கிடைக்காமல் மாதக்கணக்கில் நிற்க நேரும் புது ஆலைக்கு உறை, பட்டை, கயிறு, மின்கலம் என்று எத்தனை தணிப்பைப் பூட்டினாலும், அது ஓடத் தொடங்கும் நாள்வரை தாக்குப்பிடிக்க வைப்பதே அவற்றின் நோக்கம். என்றென்றும் நிற்பதற்கென்று எந்தப் பொறியாளரும் ஓர் இறக்கையை வடிவமைப்பதில்லை.